திகதி வெட்டுப்பட்ட பதில்

கோண்டாவில்

அன்பு மகனுக்கு,

சித்தப்பாவின் மிளகாய்த் தோட்டத்துக்கென்று நீ அனுப்பின மூன்று படமும் வந்தது. இணையத்தில் பழைய கேள்வி பதில்களைத் தேடித் துழாவி எடுத்திருக்கிறாய். நல்லது. ஆனால் மூன்றிலும் மேல்பக்கத்தை வெட்டிவிட்டாய். திகதியும் போச்சு, கேட்ட ஆள் எந்த ஊர் என்பதும் போச்சு. மிச்சம் இருப்பது மருந்தின் பெயர் மட்டும். சித்தப்பாவுக்கு இன்னும் காட்டவில்லை.

முதல் படத்தில் மொனோகுரோட்டோபொஸ் என்ற பூச்சிமருந்தை அடிக்கச் சொல்லியிருக்கிறது. அது இலங்கையில் 1995இலேயே தடை. இந்தியாவில் அதற்குப் பிறகும் பல வருடம் விற்பனையில் இருந்தது. ஆகவே பதில் சொன்னவர் பொய் சொல்லவில்லை. அவருடைய ஊரில், அவருடைய காலத்தில் அது கடையில் கிடைத்த சாமான். என்டோசல்பான் இங்கே 1998இல் போனது. பரகுவாட், டைமெதோவேட், பென்தியன் மூன்றையும் 2008க்குப் பிறகு படிப்படியாகக் குறைத்து 2011க்குள் நிறுத்தினார்கள். பழைய பதில் ஒன்றைப் பார்த்தால் இந்த வருடங்களில் எதற்கு முன், எதற்குப் பின் என்று முதலில் பார். பெயரைச் சொல்லிக் கடையில் கேட்கிறது அதற்குப் பிறகு.

திகதி பார்க்கிறதும் லேசான வேலை இல்லை. “3 வருடத்துக்கு முன்” என்று மட்டும் போட்டிருந்தால் அந்தச் சொல்லின்மேல் சுட்டியைக் கொஞ்ச நேரம் வைத்திரு. பல தளங்களில் முழுத் திகதியும் வரும். 03/04/2009 என்றால் அது சித்திரையா பங்குனியா என்று அந்தப் பக்கத்திலேயே இன்னொரு திகதியைத் தேடிப் பார்: எங்கேயாவது 12க்கு மேற்பட்ட எண் முதலாவதாக வந்தால் நாள்தான் முதலில். கேட்ட திகதி வேறு, பதில் வந்த திகதி வேறு, பதிலைத் திருத்தின திகதி வேறு. மேலே நிற்கிற பதில் அதிக வாக்கு வாங்கின பதில்; அவ்வளவுதான். பத்து வருடம் கிடந்தால் வாக்கு தானாகச் சேரும். சரி என்று அடையாளம் போட்டிருந்தாலும், கேட்டவருக்கு அன்றைக்கு அது போதும் என்றுதான் அர்த்தம். புதியதிலிருந்து பழையது என்று ஒழுங்கை மாற்றிவிட்டு, பதிலுக்குக் கீழே சின்ன எழுத்தில் கிடக்கிற பின்னூட்டங்களை வாசி. “இது இப்போது சரிவராது” என்று யாராவது எழுதியிருந்தால் அங்கேதான் இருக்கும்.

இரண்டாவது படம் சுண்ணாம்பு போடச் சொல்கிறது. மலைநாட்டிலோ கேரளத்திலோ இருந்து கேட்டிருப்பார்கள். அங்கே மண் புளிப்பு. எங்கள் செம்மண் சுண்ணாம்புக் கல்லின்மேல் கிடக்கிற மண், இதற்கு மேலும் சுண்ணாம்பு போட்டால் இரும்பும் துத்தநாகமும் பயிருக்கு எட்டாமல் போய் இலை மஞ்சள் பிடிக்கும்.

மூன்றாவதுதான் எனக்குக் கூடப் பிடித்தது. ஆனால் அதில் கேள்வியை வாசித்தாயா? “மிளகாய் இலை சுருளுது, என்ன மருந்து?” அவ்வளவுதான் கேட்டிருக்கிறார். பதில் சொன்னவர் ஊகித்துக் கந்தகம் என்று சொல்லியிருக்கிறார். இலை தோணி மாதிரி மேல்நோக்கிச் சுருண்டால் பெரும்பாலும் பனிப்பூச்சி (இலைப்பேன்). கீழ்நோக்கிக் கவிழ்ந்து, காம்பு நீண்டால் சிற்றுண்ணி. வெண் ஈ பரப்புகிற வைரஸ் என்றால் செடி முழுக்கக் குறண்டிப் போகும், அதற்கு மருந்தே இல்லை, பிடுங்கத்தான் வேண்டும். கந்தகம் சிற்றுண்ணிக்கு வேலை செய்யும், பனிப்பூச்சிக்குப் பெரிதாக உதவாது. அதோடு வெப்பம் 32 பாகைக்கு மேல் போகிற மத்தியானத்தில் அடித்தால் இலை கருகும். எண்ணெய் மருந்து அடித்து இரண்டு கிழமைக்குள் அடித்தாலும் அப்படித்தான். குளிர் நாட்டுக்காரர் எழுதின பதிலில் இந்த எச்சரிக்கை இருக்காது, அவருக்கு அது தேவைப்படவில்லை. ஆகவே பதிலுக்கு முன் கேள்வியை வாசி. கேள்வியில் விபரம் இல்லாவிட்டால் பதில் எவ்வளவு வடிவாக இருந்தாலும் விட்டுவிடு.

அளவு இன்னொரு பொறி. “ஒரு காலனுக்கு இரண்டு தேக்கரண்டி” என்று கண்டால் எந்தக் காலன்? அமெரிக்கக் காலன் 3.79 லீற்றர், எங்களுக்குப் பழக்கமான ஆங்கிலக் காலன் 4.55 லீற்றர். சித்தப்பாவின் தெளிகருவி 16 லீற்றர். தேக்கரண்டி 5 மில்லிலீற்றர் என்று வைத்தால் முதலாவது கணக்கில் 42 மில்லிலீற்றர் மருந்து வரும், இரண்டாவதில் 35. எங்கள் பழைய பத்திரிகைகளில் ராத்தல், அந்தர் என்றுதான் இருக்கும்: ராத்தல் 454 கிராம், அந்தர் 112 ராத்தல், அதாவது 50.8 கிலோ. இப்போது சந்தையில் அந்தர் என்றால் 50 கிலோதான். ஏக்கர் கணக்கில் உரம் சொல்லியிருந்தால் 16ஆல் பிரி, எங்கள் தோட்டக்காணி அளவான ஒரு பரப்புக்கு வரும். வயல்காணி என்றால் பரப்பின் அளவு வேறு, அதை இதோடு குழப்பாதே.

நீ கேட்ட அந்த “குப்பை எழுத்து” பக்கம் பழுதாகவில்லை. அது பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துரு. யூனிகோட் பரவ முன்னர் இங்கேயிருந்து எழுதினவர்களில் பலர் பாமினியில்தான் தட்டினார்கள். அந்த எழுத்துரு இல்லாத கணனியில் மிளகாய் என்பது கே, பி, எஸ், எவ், எச், ஏ, ஒரு அரைப்புள்ளி என்று ஆங்கிலமாகத் தெரியும். பக்கத்துக்குள் தேடும்போதும் அப்படியே தட்டித் தேடலாம். பிறகு முழுதையும் பிரதி எடுத்து, பாமினியிலிருந்து யூனிகோட்டுக்கு மாற்றுகிற பக்கம் ஒன்றில் ஒட்டு. மாற்றும்போது ஒன்றைக் கவனி: பாமினியில் காற்புள்ளி இருக்கிற விசையில்தான் “இ” இருக்கிறது. ஆகவே 1,500 என்று ஆங்கில விசையில் அடித்திருந்தால் 1இ500 என்று வரும். ஆங்கிலத்தில் சுருக்கி எழுதின மில்லிலீற்றர் “அட” ஆகும், கிலோ “மப” ஆகும். “10 அட” என்று கண்டு சிரிக்காதே, அது பத்து மில்லிலீற்றர். தலையில் கோடும் புள்ளியும் வைத்த ஐரோப்பிய எழுத்துகளாகத் தெரிந்தால் அது பாமினி இல்லை, பெரும்பாலும் டிஸ்கி என்ற இன்னொரு பழைய முறை. அதற்கு மாற்றி வேறு.

பக்கமே இல்லை என்று வந்தால், பழைய பக்கங்களைச் சேமித்து வைக்கிற வேபாக் மெசின் தளத்தில் முகவரியைப் போடு. யாகூ ஆன்சர்ஸ் என்ற கேள்வி பதில் தளம் 2021 மே மாதம் மூடப்பட்டது, ஆட்கள் சொந்தப் பக்கம் வைத்திருந்த ஜியோசிற்றீஸ் 2009இல். இரண்டிலும் கிடந்த கொஞ்சம் அங்கே இருக்கிறது. நாட்காட்டியில் வட்டம் போட்ட நாட்களில் கேள்விக்குக் கிட்டின நாளைத் தெரிவு செய். முதல் பக்கம் இருந்து இரண்டாம் பக்கம் இல்லாமல் போவது வழமை. முகவரியின் முன்னால் இருக்கிற மூன்று டபிள்யூவை எடுத்தும் சேர்த்தும் பார், சிலவேளை கிடைக்கும். உள்நுழைந்து வாசிக்கிற பக்கங்கள் அங்கே இராது.

தேடுகிற சொல்லையும் மாற்றிப் பார். பப்பாசி என்று தேடினால் எங்கள் ஆட்கள் எழுதினது வரும், பப்பாளி என்றால் இந்தியாவில் எழுதினது. கச்சானும் நிலக்கடலையும், கணனியும் கணினியும், லீற்றரும் லிட்டரும் அப்படித்தான். ஊர் தெரியாத பதிலில் இந்தச் சொற்களே ஊரைக் காட்டிக்கொடுக்கும்.

பத்திரிகைகளின் பழைய விவசாயப் பகுதி வேண்டுமென்றால் 2005இல் தொடங்கின நூலகம் தளத்துக்குப் போ. சுன்னாகத்தில் 1930இல் தொடங்கின ஈழகேசரியும், யாழ்ப்பாணத்தில் 1959இல் தொடங்கின ஈழநாடும் அங்கே இருக்கிறது, எல்லா நாளும் இல்லை. 1981 மே கடைசி, யூன் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு ஈழநாடு அலுவலகமும் எரிந்தது. பெரும்பாலும் பக்கங்களின் படம்தான், உள்ளே இருக்கிற சொல்லைத் தேட இயலாது. பெயரையும் திகதியையும் வைத்துத்தான் எடுக்க வேண்டும். மங்கின படத்தில் 0.5இன் புள்ளி அழிந்து 05 மாதிரித் தெரியும். பத்து மடங்கு பிழை. பெருப்பித்துப் பார்க்காமல் எண்ணைக் குறிக்காதே.

இனிமேல் படமாக அனுப்பாதே, முகவரியாக அனுப்பு. சித்தப்பாவின் இலை மேலே சுருளுதா கீழே சுருளுதா என்று நாளைக்குக் காலமை வெயில் ஏற முன் போய்ப் பார்த்து, இலையின் அடிப்பக்கத்தையும் சேர்த்துப் படம் எடுக்கிறேன். கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியர் இருந்தால் அவருக்கும் காட்டுவேன், இல்லாவிட்டால் விவசாயத் திணைக்களத்தின் 1920 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு எடுத்துக் கேட்பேன். அந்த மூன்றாவது பதிலின் முகவரியை மட்டும் இன்றைக்கே அனுப்பிவிடு.

அன்புடன்,
அம்மா