வனுவாட்டு கேட்ட கேள்வி

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு மூட்டு அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் நிம்மதி. இங்கே எல்லோரும் நலம், பெரியவள் சட்டக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு.

பருவநிலை மாநாடு என்றாலே கூடிப் பேசிக் கலைவதுதான் என்று எழுதியிருந்தாய். பாதி ஒத்துக்கொள்கிறேன். மீதிப் பாதிக்கு வனுவாட்டு கதையைச் சொல்ல வேண்டும்.

பசிபிக்கில் இருக்கிற தீவு நாடு, மொத்த ஜனமே மூன்று லட்சம் சொச்சம். 2019-ல் அங்கே சட்டம் படித்துக்கொண்டிருந்த 27 மாணவர்கள், புவி வெப்பமாவதைத் தடுக்க நாடுகளுக்குச் சட்டப்படி என்ன கடமை இருக்கிறது என்று சர்வதேச நீதிமன்றத்தையே கேட்டுவிடலாம் எனக் கிளம்பி, பசிபிக் அரசுகளுக்குக் கடிதம் எழுதினார்கள். பிள்ளைகள் எழுதியதுதானே என்று ஓரமாக வைக்காமல் வனுவாட்டு அரசு அதைக் கையில் எடுத்தது பார், அதைத்தான் நான் தலைமை என்பேன். நாடு நாடாகப் பேசி ஆதரவு திரட்டினார்கள். 2023 மார்ச் இறுதியில் அந்தக் கேள்வியை நீதிமன்றத்திடம் கேட்கும் தீர்மானம் ஐ.நா. பொதுச்சபையில் வாக்கெடுப்பே இல்லாமல் நிறைவேறியது. அதே மாதத் தொடக்கத்தில்தான் ஜூடி, கெவின் என்று அடுத்தடுத்து இரண்டு புயல்கள் அந்தத் தீவுகளைப் புரட்டிப் போட்டிருந்தன.

2024 டிசம்பரில், அந்த நீதிமன்றம் இருக்கிற நெதர்லாந்தின் தி ஹேக்கில் விசாரணை. இருக்கிற பருவநிலை ஒப்பந்தங்களே போதும் என்று பெரிய நாடுகள் பல வாதாடின. ஒப்பந்தங்களைத் தாண்டிப் புதிய கடமைகள் வேண்டாம் என்று நம் இந்தியாவும் சொன்னது. பணக்கார நாடுகள்தான் அதிகப் பொறுப்பேற்க வேண்டும் என்ற நம் வாதம் முழுக்க நியாயம். ஆனாலும் அந்த ஒரு இடத்தில் நாம் தீவுக்காரர்களோடு நிற்கவில்லை என்பது எனக்கு இன்னும் வருத்தம்தான்.

2025 ஜூலை 23 அன்று நீதிபதிகள் ஒருமனதாகச் சொல்லிவிட்டார்கள்: ஒப்பந்தங்கள் மட்டுமல்ல, பொதுவான சர்வதேசச் சட்டமும் நாடுகளைக் கட்டுப்படுத்தும், கடமை தவறினால் நஷ்டஈடு வரைக்கும் போகலாம். அப்படியானால் பருவநிலைக்கான பாரிஸ் ஒப்பந்தத்தை விட்டு வெளியேறுகிற நாடும் தப்பிக்க முடியாது. தீர்ப்பு மாதிரி யாரையும் கட்டுப்படுத்தாத வெறும் ஆலோசனைக் கருத்துதானே என்பாய். சரி, ஆனால் இனி உள்ளூர் நீதிமன்றங்களில் வழக்குப் போடுகிறவர்கள் கையில் இது இருக்கும்.

இன்னொன்று. கடல் உயர்ந்து வரும் இழப்பை ஈடுகட்ட ஏற்பாடு வேண்டும் என்று சிறு தீவுகளுக்காக 1991-லேயே கேட்டதும் இதே வனுவாட்டுதான். அப்படியொரு நிதிக்கு மாநாடு சம்மதித்தது 2022-ல், எகிப்தில். 31 வருஷம் விடாமல் கேட்டிருக்கிறார்கள் சேகர்.

பெரியவள் அந்தக் கருத்தை அச்செடுத்துக் கோடு போட்டுப் படித்துக்கொண்டிருக்கிறாள். பொங்கலுக்கு நீ வரும்போது மீதியை அவளிடம் கேள். அம்மாவை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
முரளி