எம்.எல்.ஏ.க்கள் சம்பளத்தை அவர்களே முடிவு செய்யலாமா?

ஆசிரியருக்கு,

எம்.எல்.ஏ.க்களுக்கு நல்ல சம்பளம் கூடாது என்று சொல்ல மாட்டேன். அது இல்லையென்றால் பண்ணையார் வீட்டுப் பிள்ளைகள் மட்டும்தான் சட்டசபைக்குப் போக முடியும். ஆனால் தொகையை யார் முடிவு செய்வது? அரசியல் சாசனத்தின் 195-வது பிரிவு அதைச் சட்டசபையிடமே விட்டிருக்கிறது. 2017 ஜூலையில் சம்பளமும் படிகளும் சேர்த்து மாதம் 55,000 ரூபாய், 1,05,000 ஆனது. அதே ஆண்டுதான் தமிழக விவசாயிகள் வறட்சி நிவாரணம் கேட்டு டெல்லி ஜந்தர் மந்தரில் மண்டை ஓட்டோடு உட்கார்ந்திருந்தார்கள்.

எங்கள் நெல்லுக்கு நாங்கள் விலை சொல்ல முடியாது. வேளாண் விலை ஆணையம் பரிந்துரைக்கும், மத்திய அரசு அறிவிக்கும். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் மூட்டையைப் பிரித்து மறுபடி காயப்போட வேண்டியதுதான். சரி, விதி என்றால் விதி. எம்.எல்.ஏ.க்களுக்கும் அப்படி ஒரு விதி இருக்கட்டுமே.

எம்.பி.க்களுக்கு விலைவாசிக் குறியீட்டை வைத்து ஐந்தாண்டுக்கு ஒருமுறை சம்பளத்தை மாற்ற 2018-இலேயே சட்டம் வந்துவிட்டது. இங்கே ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் ஒரு குழு தொகையைச் சொல்லட்டும். உயர்வு அடுத்த தேர்தலில் ஜெயித்து வருபவர்களுக்குத்தான் என்றும் எழுதிவிடலாம். படிகளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். பெருந்தொகை அங்கேதான் இருக்கிறது.

- ஒரு விவசாயி, நீடாமங்கலம்