லாஜிக் பார்க்காதீங்கம்மா என்றாயே, கண்ணு

அன்புள்ள கண்ணுக்கு,

நீ சொன்னாய் என்பதற்காக, சிவா இயக்கி அஜித் நடித்த ‘விவேகம்’ படத்தை இந்த முறை நடுவில் எழுந்து போகாமல் முழுசாகப் பார்த்துவிட்டேன். 2017 ஆகஸ்டில் அது வந்தபோது நீயும் உன் கூட்டாளிகளும் விடியற்காலையிலேயே தியேட்டருக்கு ஓடினீர்கள். நான் அப்புறம் டிவியில் துண்டு துண்டாகப் பார்த்ததோடு சரி. “ஸ்டைலுக்காக எடுத்த படத்துல லாஜிக் பார்க்காதீங்கம்மா” என்று போனில் சொன்னாய். போனில் உன்னிடம் பேசி ஜெயிக்க முடியாது. நடுவில் புகுந்து பேசிவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். செர்பியா, குரோஷியா, பல்கேரியா என்று போய் எடுத்திருக்கிறார்கள். ஒளிப்பதிவாளர் வெற்றியின் கேமராவில் அந்த ஊர்களைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். உடம்பைத் தயார் செய்யவும் பைக் ஓட்டவும் அஜித் பட்ட பாடு திரையிலேயே தெரிகிறது. அந்த மனிதரின் உழைப்பை நான் ஒரு வார்த்தை குறை சொல்ல மாட்டேன். அவ்வளவு உழைப்பும் எதற்காக என்று கேட்கத்தான் தோன்றுகிறது.

உங்கப்பாவின் வருத்தம் வேறு. புளூட்டோனிய ஆயுதத்தை வெடித்து நிலநடுக்கம் வரவழைக்கிறார்கள் என்றதும் அவருக்குள் இருக்கும் பழைய பிசிக்ஸ் வாத்தியார் விழித்துக்கொண்டார். 1971இல் அலாஸ்காவின் அம்சிட்கா தீவில் அமெரிக்கா கிட்டத்தட்ட 5 மெகாடன் குண்டை ஏறக்குறைய 1.8 கிலோமீட்டர் ஆழத்தில் வெடித்ததாம். அதிர்வு 7 அளவுக்குப் பதிவானதாம். பெரிய நிலநடுக்கத்தைத் தூண்டிவிடும், சுனாமி வரும் என்றெல்லாம் பயந்தார்கள், அப்படி எதுவும் நடக்கவில்லை என்று பாதிப் படத்தில் எனக்குப் பாடம் எடுத்தார். கடைசி அரைமணி நேரம் தூங்கிவிட்டார் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு அந்தக் குண்டு ஒரு பிரச்சினையே இல்லை. கதை சொல்கிறவன் ஆரம்பத்தில் ஒரு பொய் சொல்லிக்கொள்ளலாம். இப்படி ஓர் ஆயுதம் இருக்கிறது என்றால், சரி, இருக்கட்டும் என்று நானும் தலையாட்டிவிடுவேன். ஆனால் அதற்கப்புறம் அந்தக் கதைக்குள் இருக்கிற மனுஷர்கள் மனுஷர்களாக நடந்துகொள்ள வேண்டாமா?

அந்த வில்லனைப் பார். கூடவே இருந்த நண்பன். முதுகில் குத்தி, செத்தான் என்று விட்டுவிட்டுப் போனவன். ஏகே, அதாவது அஜித், உயிரோடு இருக்கிறான் என்று தெரிந்ததும் அவனுக்கு வயிற்றைக் கலக்க வேண்டும், அல்லது குற்ற உணர்ச்சியாவது வர வேண்டும். இவனோ தன் ஆட்களைக் கூட்டி வைத்துக்கொண்டு ஏகே எப்பேர்ப்பட்டவன் தெரியுமா என்று புகழ் பாடுகிறான். ஒரு தடவை பாடினால் போகட்டும், படம் முழுக்கப் பாடுகிறான். பிடிக்க வேண்டியவனே ‘இவனைப் பிடிக்க முடியாது’ என்று நமக்குச் சத்தியம் செய்து கொடுத்துவிட்டால், அப்புறம் நான் எதற்கு நகத்தைக் கடிக்க? நண்பனைப் பற்றி இவ்வளவு தெரிந்தவன் அதை வைத்து உருப்படியாக ஒரு பொறி வைக்கக் கூடவா தெரியாது? லாஜிக் என்று நான் கேட்பது இதைத்தான்.

அப்புறம் ஏகேயின் மனைவி யாழினி. புருஷன் என்ன வேலை செய்கிறான் என்று தெரிந்தவள், வயிற்றில் பிள்ளையைச் சுமக்கிறவள். அவளுக்குக் கோபம், சந்தேகம், ஓடிப்போகும் எண்ணம் எதுவும் கிடையாது. கடைசிச் சண்டையில் அவளுக்குக் கொடுத்த வேலை பாட்டுப் பாடுவது! அவள் பாட, இவர்கள் இரண்டு பேரும் சட்டையில்லாமல் அடித்துக்கொள்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது, அப்புறம் அந்தப் பெண்ணை நினைத்துக் கோபம் வந்தது.

உனக்கு ‘அந்த நாள்’ காட்டினேனே, நினைவிருக்கிறதா? பாட்டே இல்லாத படமா என்று முகத்தைச் சுளித்தவன், முடியும் வரை தண்ணீர் குடிக்கக்கூட எழவில்லை. 1954இல் எஸ். பாலசந்தர் எடுத்தது. படம் தொடங்கும்போதே சிவாஜியைச் சுட்டுக் கொன்றுவிடுகிறார்கள். இரண்டாம் உலகப் போரில் சென்னையில் குண்டு விழுந்த சமயம். ஒவ்வொருவராக வந்து சாட்சி சொல்கிறார்கள், ஒவ்வொருவருக்கும் இன்னொருவர் மேல் சந்தேகம். ஸ்டைல் இல்லையா அதில்? கேமராமேன் மாருதி ராவ் நிழலை வைத்தே மிரட்டியிருப்பார். அதிலும் ஒரு மனைவி வருகிறாள். புருஷன் நாட்டுக்குத் துரோகம் செய்கிறான் என்று தெரிந்தபின் பண்டரிபாய் படுகிற அவஸ்தைதான் கதையின் உயிரே. அவள் கையில் ஒரு முடிவு இருந்தது. யாழினியின் கையில் எதுவுமே இல்லை.

பழைய படத்தைச் சொல்லித் தப்பிக்கிறீங்க என்பாய். சரி, அதே சிவாவும் அஜித்தும் 2019 பொங்கலுக்குக் கொடுத்த ‘விஸ்வாசம்’ படத்தை எடுத்துக்கொள். அதிலும் ஒரே ஆள்தான் கும்பலையே அடித்துப் போடுகிறார். நம் ஊர் கோபியில் ஒருத்தரும் அதைக் கேள்வி கேட்கவில்லை. பக்கத்து வீட்டு அத்தை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார். பெற்ற மகளிடமே ‘நான்தான் உன் அப்பா’ என்று சொல்ல முடியாமல் காவலுக்கு நிற்கிறான் தூக்குதுரை. எத்தனை பேரை அடித்தாலும் அந்தப் பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டால் அவன் தோற்றுப்போவான். ஏகே யாரிடம் தோற்பான், சொல்லு?

நீ உதவி இயக்குநராக அலைகிற இடத்தில் இதையெல்லாம் பேச முடியாது என்று எனக்குத் தெரியும். ஹீரோ வருகிற ஷாட் எப்படி இருக்கும் என்றுதான் முதலில் கேட்பார்கள். கேட்கட்டும், அதற்குப் பதில் வைத்துக்கொள். நீ அனுப்பிய கதைச் சுருக்கத்தை இரண்டு முறை படித்துவிட்டேன். துறைமுகத்துத் துரத்தல் நன்றாக வந்திருக்கிறது. ஆனால் அந்தத் தங்கச்சிக்காரி கொலையைக் கண்ணால் பார்த்துவிட்டு மூன்று நாள் யாரிடமும் வாயைத் திறக்காமல் இருக்கிறாளே, ஏன்? அண்ணனுக்குப் பயமா, பணம் வாங்கிக்கொண்டாளா? அதை மட்டும் யோசித்து, போனில் சொல்லாமல் எழுதி அனுப்பு.

அன்புடன்,
அம்மா