கடைவீதி வணிகர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2025–26

தலைவர், பொருளாளர், செயற்குழுவினர், கல்லாவை ஆள் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வந்திருக்கும் உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

வழக்கமான விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். தெருவிளக்கு, சாக்கடை மூடி, மாசி மகத்துக்கு வண்டி நிறுத்த இடம் ஆகிய மூன்றுக்கும் மனு கொடுத்தோம். விளக்கு எரிகிறது, மற்ற இரண்டும் மனுவாகவே இருக்கின்றன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். சந்தா பாக்கி வைத்திருப்பவர்கள் பெயரை வாசிக்க வேண்டாம் என்று தலைவர் சொல்லிவிட்டதால் தப்பித்தீர்கள்.

இந்த வருடம் என் நேரம் பெரும்பாலும் போனது விளம்பர விஷயத்தில்தான். சங்கத்தின் பெயரில் போகும் எந்த அறிவிப்பும் பார்வை இல்லாதவர், காது கேளாதவர் உட்பட எல்லோருக்கும் போய்ச் சேரும்படி இருக்க வேண்டும் என்று போன பேரவையில் தீர்மானம் போட்டோம். அன்றைக்கு எல்லோரும் கை தூக்கினீர்கள். வேலை ஆரம்பித்த பிறகுதான், "நம்ம கடைக்கு அவங்க யாரும் வர்றதே இல்லையே, யாருக்காக இதெல்லாம்?" என்ற கேள்வி வந்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் சுமார் 11.8 லட்சம் பேர். அவர்களும் தீபாவளிக்குத் துணி எடுக்கிறார்கள், பெண்ணுக்குச் சீர் செய்கிறார்கள். தள்ளுபடி இருப்பதே தெரியாதவர் எப்படிக் கடைக்கு வருவார்?

ஆடி மாதச் செயற்குழுவுக்கு, மளிகைக் கடையின் பழைய வாடிக்கையாளரான, பார்வை இல்லாத ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரை அழைத்திருந்தோம். அவர் போனில் டாக்பேக் ஓடுகிறது. விரல் படும் இடத்தில் இருப்பதை வாசித்துச் சொல்லும், எந்த ஆண்ட்ராய்டு போனிலும் இலவசம். வாட்ஸ்அப்பில் வந்திருந்த நம் ஆடித் தள்ளுபடி போஸ்டரை அவர் தொட்டதும் போன் "படம்" என்றது. அவ்வளவுதான். எந்தெந்தக் கடை, எத்தனை நாள், என்ன விலை எல்லாம் அந்தப் படத்துக்குள் மாட்டிக்கொண்டன. அடுத்த செய்தி ஒரு ஜவுளிக் கடையுடையது, எழுத்தாகத்தான் இருந்தது, ஆனால் தொடக்கத்தில் வரிசையாகப் பூங்கொத்து எமோஜி. "பூங்கொத்து, பூங்கொத்து, பூங்கொத்து" என்று போன் சொல்லிக்கொண்டே போக, விஷயம் வருவதற்குள் அந்தக் கடைக்காரரே "போதும் சார், நிறுத்துங்க" என்றார்.

அதற்குப் பிறகு சங்கத்தின் எந்தப் போஸ்டரும் தனியாகப் போகவில்லை. படத்தில் இருக்கும் விவரம் அத்தனையும் கீழே எழுத்தாகவும் போகிறது, எமோஜி வேண்டுமென்றால் கடைசியில் ஒன்று. பேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் படத்துக்கு மாற்று உரை, அதாவது படத்தில் என்ன இருக்கிறது என்று போன் வாசித்துச் சொல்லும் விளக்கம், எழுத இடம் இருக்கிறது. என்ன எழுதுவது என்று நிறையப் பேர் கேட்டீர்கள். உங்கள் கடை சேல்ஸ்மேன் புடவையை விரித்துப் போட்டு என்ன சொல்வார்? "மாம்பழ மஞ்சள், அரக்கு பார்டர், முந்தியில் மயில், விலை 1,850 ரூபாய்." அதையே எழுதினால் போதும். "அழகிய புடவை" என்று எழுதினால் யாருக்கும் ஒன்றும் தெரியாது. ரீல்ஸுக்கும் இதே கதைதான். "இதோ பாருங்க இந்தக் கலர், இந்த விலைக்கு எங்கயும் கிடைக்காது" என்று ஒரு நிமிடம் பேசுகிறோம், எந்தக் கலர், எந்த விலை என்று வாயால் சொல்வதே இல்லை. சொல்லுங்கள். சொன்னதைத் திரையிலும் எழுத்தாகப் போடுங்கள், காது கேளாதவருக்கும் ஆகும், பஸ்ஸில் சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்ப்பவருக்கும் ஆகும். பளிச் பளிச்சென்று மின்னும் எழுத்து வேண்டாம். வினாடிக்கு மூன்று தடவைக்கு மேல் மின்னினால் சிலருக்கு வலிப்பு வரக்கூடும்.

செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி மாறி, பாத்திரத்துக்கு 12 சதவீதம் 5 ஆனபோது, பாத்திரக் கடைகள் சேர்ந்து புது விலைப்பட்டியலைப் பிடிஎஃப்-ஆக அனுப்பின. இது படம் இல்லை, எழுத்து, ஆகவே பிரச்சினை வராது என்றுதான் எல்லோரும் நினைத்தோம். ஆசிரியர் போன் செய்து, "உங்க பட்டியல் ஜே கே பி ஓன்னு ஏதோ வாசிக்குதே" என்றார். அச்சகத்தில் இன்னும் பாமினி என்ற பழைய எழுத்துருவில்தான் அடிக்கிறார்கள். நம் கண்ணுக்குத் 'தமிழ்' என்று தெரிவது, உள்ளே ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி என்று ஆங்கில விசைகளாகத்தான் பதிவாகியிருக்கிறது. வாசிக்கும் மென்பொருளுக்கு அந்த ஆங்கில எழுத்துதான் தெரியும். தமிழ் எழுத்தைத் தமிழ் எழுத்தாகவே பதிவு செய்யும் பொது முறைக்கு யூனிகோடு என்று பெயர். தமிழ்நாடு அரசு 2010-இலேயே யூனிகோடை ஏற்றாகிவிட்டது, இணையத்தில் இலவச மாற்றிகளும் இருக்கின்றன, அச்சகக்காரர்கள்தான் பழகிய கையை விட மாட்டேன் என்கிறார்கள். இனி ஆர்டர் கொடுக்கும்போதே "யூனிகோடில் வேண்டும்" என்று சொல்லிவிடுங்கள். இன்னொரு லாபமும் உண்டு: கூகுளில் யாராவது "கும்பகோணம் பித்தளைக் குத்துவிளக்கு" என்று தேடினால் பாமினியில் கிடக்கும் உங்கள் பட்டியல் வராது, யூனிகோடில் இருந்தால் வர வழி உண்டு.

போஸ்டர் நிறம் பற்றியும் சொல்ல வேண்டும். எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச வேறுபாடு குறைந்தது 4.5-க்கு 1, பெரிய எழுத்து என்றால் 3-க்கு 1 இருக்க வேண்டும் என்பது டபிள்யூசிஏஜி என்ற உலக அளவிலான நெறிமுறை. வெள்ளையில் மஞ்சள் எழுத்து இதில் தேறவே தேறாது, நம் ஆட்களுக்கு அதுதான் மங்களகரம். நிர்வாகிகள் படம் பெரிதாக, தள்ளுபடி விவரம் எறும்பு அளவில் என்ற ஏற்பாட்டையும் மாற்றச் சொன்னேன். என் படத்தை முதலில் எடுத்தோம். மற்றவர்கள் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள்.

தையற்கடை வைத்திருக்கும் நம் உறுப்பினர் ஒருவர் காது கேளாதவர். தலைவர் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் எல்லாவற்றையும் வாய்ஸ் மெசேஜாகத்தான் போடுவார், அதுவும் நீளமாக. கடையடைப்பு பற்றிய ஒரு அறிவிப்பு அப்படி வந்ததில், தையற்காரர் மட்டும் காலையில் கடை திறந்து உட்கார்ந்திருந்தார். இப்போது தலைவர் பேசி முடித்ததும் துணைச் செயலாளர் சுருக்கமாக எழுதிப் போடுகிறார். உண்மையைச் சொன்னால், முழுதாகக் கேட்கப் பொறுமை இல்லாத நாங்கள் எல்லோரும் அதைத்தான் படிக்கிறோம். விளம்பரங்களிலும் "அழைக்கவும்" என்று எண் மட்டும் போடாமல் "வாட்ஸ்அப்பில் எழுதலாம்" என்று சேர்க்கச் சொல்லியிருக்கிறோம், வாக்கியம் சின்னதாக இருக்கட்டும் என்பது தையற்காரர் சொன்னது. சைகை மொழியில் வளர்ந்த பலருக்கு எழுத்துத் தமிழ் இரண்டாம் மொழி மாதிரிதான்.

ஒரு புகாரும் வந்தது. ஒரு கடை கூகுள் மேப்பில் சக்கர நாற்காலி வசதி உண்டு என்று குறித்து வைத்திருந்தது, வாசலில் மூன்று படி. நம்பி ஆட்டோ பிடித்து வந்த அம்மா வாசலோடு திரும்பிப் போனார். சாய்தளம் கட்ட முடியாவிட்டால் பரவாயில்லை, "மூன்று படி உண்டு, சொன்னால் பொருளை வாசலுக்குக் கொண்டுவருவோம்" என்று உண்மையைப் போடுங்கள். கல்லாவில் தொகையைச் சொல்லும் சவுண்ட்பாக்ஸின் சத்தத்தையும் குறைத்து வைக்காதீர்கள், சரியான தொகைதான் போனதா என்று பார்வை இல்லாத வாடிக்கையாளர் அதைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறார்.

கேஸ் போடுவார்களா என்று கேட்டவர்களுக்கு: மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016-இல் வந்தது, அரசு, தனியார் இருவரின் சேவைகளையும் தொடுகிறது. மீறினால் முதல் தடவை 10,000 ரூபாய் வரை அபராதம், அதற்குப் பிறகு 50,000 முதல் 5 லட்சம் வரை. உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 30 அன்று, டிஜிட்டல் வசதிகளை எல்லோரும் பயன்படுத்த முடிவது வாழ்வுரிமையைச் சேர்ந்தது என்று தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. வாடிக்கையாளர் யார் என்று வங்கிகள் போன், கணினி வழியாகச் சரிபார்க்கும் டிஜிட்டல் கேஒய்சியை ஒட்டி வந்த வழக்கு அது, நம் தெருவுக்கு நாளைக்கே நோட்டீஸ் வரும் என்று நான் பயமுறுத்தவில்லை.

சங்கத்துக்கு வலைத்தளம் செய்ய விலை சொன்ன ஒருவர், ஒரே ஒரு வரி நிரலைச் சேர்த்தால் தளம் தானாக எல்லோருக்கும் ஏற்றதாகிவிடும் என்றார், அதற்குத் தனிக் கட்டணம். அமெரிக்காவில் இதே மாதிரி சொல்லி விற்ற நிறுவனம் 2025-இல் அங்குள்ள வர்த்தக ஆணையத்திடம் 10 லட்சம் டாலர் கட்ட வேண்டியதாயிற்று. வேண்டாம் என்றுவிட்டோம். அடுத்து விலை சொல்கிறவர் தளத்தை ஆசிரியரின் போனில் ஓட்டிக் காட்ட வேண்டும், மவுஸ் தொடாமல் விசைப்பலகையால் மட்டும் ஆர்டர் போட்டுக் காட்ட வேண்டும், பிறகுதான் முன்பணம். இதையும், சோதித்துப் பார்க்க வருபவர்களுக்கு மரியாதைக்குச் சால்வை போர்த்தி அனுப்பாமல் முறையான கட்டணம் தருவதையும் தீர்மானமாக வைக்கிறேன்.

அறிக்கையின் எழுத்து வடிவம் குழுவில் யூனிகோடில் ஏற்றப்பட்டிருக்கிறது. பேரவை விவாதித்து ஏற்றுக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்