குறிப்புப் பக்கங்களிலிருந்து தொடங்கு

அன்புள்ள மீனா,

கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்து, இனி தாராளமாகப் படிக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டதாக எழுதியிருந்தாய். படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. புத்தகம் இல்லாமல் இத்தனை மாதம் நீ எப்படி இருந்தாயோ! பேத்திக்குப் பேச்சு வந்துவிட்டதும் சந்தோஷம். இங்கே எல்லாரும் நலம். அவருக்கு மூட்டுவலி கொஞ்சம் குறைந்திருக்கிறது, காலையில் நடக்கப் போகிறார்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். “கதை போதும், நடந்ததைச் சொல்லும் புத்தகமாக நாலு சொல்லு. ஆனால் நூலகங்கள் வருஷக் கடைசியில் போடும் பரிந்துரைப் பட்டியலை மட்டும் நீட்டாதே, அதுவும் விளம்பரம்தான்” என்று எழுதியிருந்தாய். இதில் பின்பாதியை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

நூலகருக்கு விற்பதற்கு எதுவும் இல்லை, மீனா. நீ எந்தப் புத்தகத்தை எடுத்துப் போனாலும் அவருக்கு ஒரு காசு கூடுதலாக வரப்போவதில்லை. எந்தப் புத்தகம் ஆசையோடு எடுக்கப்பட்டுப் பாதியில் திரும்பி வருகிறது, எதை ஒருவர் படித்துவிட்டு வந்து அடுத்தவரிடம் சொல்கிறார் என்பதெல்லாம் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்குத்தான் தெரியும். பெரிய பதிப்பகங்கள் முன்கூட்டியே பிரதிகளை அனுப்பி வைக்கின்றன, பெயர் பெற்றவர்களின் புத்தகங்கள் சுலபமாக உள்ளே வந்துவிடுகின்றன. அந்த அளவுக்கு உன் சந்தேகம் நியாயம். ஆனால் அதே பட்டியலில் விளம்பரத்துக்குக் காசில்லாத புத்தகங்களும் இடம்பிடிக்கின்றன. அவற்றை வேறு எங்கே பார்த்திருப்போம்?

இது நேற்று முளைத்த வழக்கமும் இல்லை. நூலகங்கள் எதை வாங்கலாம் என்று சொல்வதற்கென்றே அமெரிக்க நூலகச் சங்கம் 1905-இல் ‘புக்லிஸ்ட்’ இதழைத் தொடங்கியது. குறிப்பிடத்தக்க நூல்கள் என்று 1944 முதல் ஆண்டுதோறும் ஒரு பட்டியல் தருகிறது. 2012 முதல் புனைவுக்கு ஒன்று, அபுனைவுக்கு, அதாவது நடந்ததைச் சொல்லும் நூலுக்கு, ஒன்று என்று கார்னகி பதக்கமும் கொடுக்கிறது. நியூயார்க் பொது நூலகம் போன்றவை தங்களுக்கென்று தனியாகவே பட்டியல் போடுகின்றன. நம் நூலகவியல் முன்னோடி ரங்கநாதன் 1931-இல் வகுத்த ஐந்து நூலக விதிகளில் மூன்றாவது உனக்கு நினைவிருக்கும்: ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர். வாசகர் தேடி வரும் வரை புத்தகம் அலமாரியில் காத்திருந்தால் போதாது, புத்தகமும் வாசகரைத் தேடிப் போக வேண்டும் என்பது அதன் பொருள். வருடாந்தரப் பட்டியல் அந்த வேலையைத்தான் செய்கிறது. யாரும் எடுக்காத புத்தகம் சில வருஷத்தில் அலமாரியை விட்டே போய்விடும் என்பதையும் நினைத்துக்கொள்.

பட்டியல் வந்த மாதமே அதன் பின்னால் ஓடாதே என்று மட்டும் சொல்வேன். அப்போது முன்பதிவு வரிசை நீளமாக இருக்கும், பேச்சும் சூடாக இருக்கும். இரண்டு மூன்று வருஷம் கழித்து எடுத்துப் பார்த்தால் அன்றைய அரசியலை ஒட்டி அவசரமாக எழுதப்பட்டவையும், பிரபலங்களின் நினைவுக் குறிப்புகளில் பெரும்பகுதியும் தாமாகவே உதிர்ந்திருக்கும். நான் அப்படித்தான் 2023-ஆம் ஆண்டு நூல்களைப் பொறுக்கிப் பொறுக்கிப் படித்தேன். (இந்த மாதிரிப் பட்டியல்களில் அறிவியல் குறைவு, மொழிபெயர்ப்பு அதைவிடக் குறைவு. இந்தக் குறையை நானும் ஒத்துக்கொள்கிறேன்.)

புத்தகத்தைக் கையில் எடுத்ததும் நான் முதலில் பார்ப்பது பின்பக்கம். சான்றுக் குறிப்புகள் எத்தனை பக்கம், சொல்லடைவு இருக்கிறதா, ‘இது உங்களுக்கு எப்படித் தெரியும்?’ என்று கேட்டால் எழுதியவரிடம் பதில் இருக்கிறதா என்று பார்ப்பேன். நடந்ததைச் சொல்வதாகச் சொல்லிக்கொண்டு, இருநூறு வருஷத்துக்கு முன்னால் செத்துப்போனவர் ஜன்னலோரம் நின்று என்ன நினைத்தார் என்று எழுதுகிற புத்தகங்கள் நிறைய வருகின்றன. எனக்கு அதில் கோபமே வருகிறது. தெரிந்தது இவ்வளவுதான் என்று நிறுத்தத் தெரிந்தவர் எழுதியதைத்தான் நம்பிப் படிக்க முடியும்.

அப்படி என்னை உலுக்கிய புத்தகம் ரொக்ஸானா அஸ்காரியன் எழுதிய ‘வீ வேர் ஒன்ஸ் எ ஃபேமிலி’. 2024-இல் அபுனைவுக்கான கார்னகி பதக்கம் பெற்றது. 2018 மார்ச்சில் அமெரிக்காவில் ஒரு தம்பதி, இருவருமே பெண்கள், தத்தெடுத்த ஆறு குழந்தைகளோடு காரைக் கலிஃபோர்னியாவின் கடலோரப் பாறை விளிம்பிலிருந்து ஓட்டிக் கீழே விழுந்த செய்தி உனக்கும் நினைவிருக்கலாம். ஊடகங்கள் எல்லாம் அந்த இருவர் யார், ஏன் இப்படிச் செய்தார்கள் என்றே கேட்டுக்கொண்டிருந்தன. அஸ்காரியன் வேறு ஒரு கதவைத் தட்டினார். அந்தக் குழந்தைகள் டெக்ஸாஸில் இரண்டு குடும்பங்களிலிருந்து, மூன்று மூன்று பேராக எடுத்துச் செல்லப்பட்டவர்கள். பெற்றவர்கள் என்ன ஆனார்கள்? அவர்களிடம் யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா? அந்தக் குடும்பங்களைத் தேடிப் போய்ப் பேசி, நீதிமன்ற ஆவணங்களைப் புரட்டி, ஏழைக் கறுப்பினக் குடும்பங்களிடமிருந்து குழந்தைகளைப் பிரிப்பது எவ்வளவு சுலபமாக நடக்கிறது, பிரித்த பிறகு அந்தக் குழந்தைகளைக் கவனிப்பது எவ்வளவு அலட்சியமாக நடக்கிறது என்று வரிசையாக வைக்கிறார். குரலை உயர்த்தவே இல்லை. எல்லாருக்கும் தெரிந்த ஒரு செய்திக்குள் யாருமே கேட்காத மனிதர்கள் இருந்திருக்கிறார்கள் என்பதை நினைத்தபடி நான் சில நாள் வேறு எதையும் படிக்காமல் இருந்தேன். கண் இப்போதுதான் தேறியிருக்கிறது, உடனே இதை எடுக்காதே. ஆனால் எடுக்காமல் விட்டுவிடாதே.

ஜோனதன் ஐக் எழுதிய ‘கிங்: எ லைஃப்’ தடிமனான புத்தகம். மார்ட்டின் லூதர் கிங் பற்றி இனிமேல் சொல்ல என்ன இருக்கிறது என்று நீ நினைக்கலாம். ஒரே ஒரு இடத்தைச் சொல்கிறேன். 1965-இல் ஒரு பத்திரிகையில் வந்த பேட்டியில், அதே காலத்து இன்னொரு கறுப்பினத் தலைவரான மால்கம் எக்ஸை கிங் கடுமையாகக் கண்டித்ததாக அச்சாகியிருந்தது. எத்தனையோ வருஷமாக எல்லாரும் அதை எடுத்தாண்டார்கள், பாடப்புத்தகம் வரைக்கும் இருவரையும் எதிரெதிராக நிறுத்தினார்கள். ஐக், டியூக் பல்கலைக்கழகத்தின் ஆவணக் காப்பகத்தில் அந்தப் பேட்டியின் தட்டச்சுப் பிரதியைத் தேடி எடுத்துப் பார்த்தால், கிங் சொன்னது அச்சானபடி இல்லை! மூலத்தைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று ஒருவருக்குத் தோன்றியதால் வரலாற்றில் ஒரு வரி மாறிவிட்டது.

இதோடு 2024 புலிட்சர் பரிசை வாழ்க்கை வரலாற்றுப் பிரிவில் பகிர்ந்துகொண்டது இல்யான் வூ எழுதிய ‘மாஸ்டர் ஸ்லேவ் ஹஸ்பண்ட் வைஃப்’. 1848 டிசம்பரில் ஜார்ஜியா மாநிலத்தின் மேக்கனிலிருந்து எலன் கிராஃப்ட், வில்லியம் கிராஃப்ட் என்ற அடிமைத் தம்பதி தப்பிக்கிறார்கள். வெளுத்த நிறமுள்ள எலன், நோயாளியான ஒரு வெள்ளைக்கார எஜமானனாக ஆண் வேடம் போடுகிறார். கணவர் அவருடைய வேலைக்கார அடிமை. ரயிலிலும் கப்பலிலும் எல்லார் கண்ணெதிரிலும் பயணம். எலனுக்கு எழுதத் தெரியாது. வழியில் கையெழுத்துக் கேட்டால் மாட்டிக்கொள்வார் என்பதால் வலது கையைத் துணியில் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டார். கிறிஸ்துமஸ் அன்று ஃபிலடெல்ஃபியா போய்ச் சேர்ந்தார்கள். நாவலாசிரியர் இட்டுக்கட்டினால் நம்பமாட்டோம். வூ ஒரு உரையாடலைக்கூடக் கற்பனையாகச் சேர்க்கவில்லை. 1860-இல் வெளியான கிராஃப்ட் தம்பதியின் சொந்தப் பதிவு, அக்காலச் செய்திகள் போன்ற சான்றுகளில் இருப்பதை மட்டுமே எடுத்துக்கொள்கிறார்.

ஜான் வேலன்ட்டின் ‘ஃபயர் வெதர்’ உன் வீட்டுக்காரருக்கு ஏற்றது. கனடாவில் எண்ணெய் எடுக்கிற ஊரான ஃபோர்ட் மெக்மர்ரியை 2016 மே மாதம் காட்டுத்தீ சூழ்ந்து, சுமார் 88,000 பேர் வெளியேறியதைப் பற்றியது. நடுவில் கொஞ்சம் நீளம். ஆனால் பெட்ரோலியப் பொருள்களால் நிறைந்த இன்றைய வீடுகள் எப்படி நிமிஷக் கணக்கில் எரிந்து முடிகின்றன என்கிற பகுதியைப் படித்தபின் சோபாவைப் பார்க்கிற பார்வையே மாறிவிடும்.

நீ முதலில் எடுக்க வேண்டியது டேவிட் கிரான் எழுதிய ‘தி வேஜர்’. 1740-இல் இங்கிலாந்திலிருந்து கிளம்பிய வேஜர் என்ற போர்க்கப்பல் 1741 மே மாதம் தென் அமெரிக்காவின் தெற்குப் பகுதியான படகோனியா கரையோரம் உடைகிறது. ஆளில்லாத தீவில் பசியோடு ஒதுங்கியவர்கள் இரண்டாகப் பிரிகிறார்கள். கேப்டன் சீப் ஒரு மாலுமியைச் சுட்டுவிடுகிறார். பீரங்கிப் பிரிவின் தலைவர் பல்கலி ஒரு கூட்டத்தைச் சேர்த்துக்கொண்டு கேப்டனை அங்கேயே விட்டுவிட்டுப் படகேறுகிறார். அதில் 30 பேர் பிரேசில் போய்ச் சேர்கிறார்கள். பிறகு கேப்டனும் உயிரோடு திரும்பி வர, யார் குற்றவாளி என்று அச்சிலும் ராணுவ நீதிமன்றத்திலும் சண்டை. பல்கலி அத்தனை கஷ்டத்திலும் நாள்தோறும் எழுதி வைத்திருந்தார், 1743-இல் அதைப் புத்தகமாகவே போட்டுவிட்டார். கப்பல் கிளம்பியபோது 16 வயதாக இருந்த ஜான் பைரன் என்ற இளம் மாலுமியும் தன் பங்கைப் பின்னால் எழுதினார். ஒருவர் சொன்னதற்கு இன்னொருவர் சொன்னதை எதிரில் வைத்துக்கொண்டே போகிறார் கிரான். தீர்ப்பை நம்மிடமே விட்டுவிடுகிறார். ஒரே சம்பவம் நாலு வாயில் நாலு விதமாக மாறும்போது எதை நம்புவது என்று பழக இதைவிட நல்ல புத்தகம் எனக்குத் தெரியவில்லை.

நூலகத்தில் பெரிய எழுத்துப் பதிப்பு இருக்கிறதா என்று கேட்டு வாங்கு. இல்லாவிட்டால் ஒலிநூலாகக் கேள். அப்படிக் கேட்டாலும் அச்சுப் பிரதி ஒன்றை எடுத்துக் குறிப்புப் பக்கங்களை மட்டுமாவது புரட்டிப் பார்.

படித்து முடித்ததும் சீப் பக்கமா, பல்கலி பக்கமா என்று எழுது. நான் பல்கலி பக்கம். ஆனால் அவருடைய நாட்குறிப்பில் எதை நம்பலாம், எதைத் தன்னைக் காத்துக்கொள்ள எழுதினார் என்பதில் உன்னோடு வாதாட நிறைய இருக்கிறது.

அன்புடன்,
கல்யாணி