ஜூலுக்குப் போய்ச் சேர்ந்தேன்

டேய் சேகர்,

இரண்டு மெயிலுக்கும் பதில் இல்லை என்று திட்டிக்கொண்டிருப்பாய். திட்டு. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சின்னவள் பத்தாவது. எனக்கு முதுகுவலி. வீட்டுச் செய்தி அவ்வளவுதான். இப்போது விஷயம்: கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம் கேமில் ஜூலுக்கு, அதுதான் அங்கே வியாழன் மாதிரி இருக்கிற ராட்சதக் கிரகத்துக்கு, போய்விட்டேன்டா! அதுவும், அந்த கேமின் நிலாவான மன்னையே தாண்டாது என்று நீ கெக்கலித்தாயே, அதே குட்டி ராக்கெட்டில்.

கேமின் பூமியான கெர்பினின் சுற்றுப்பாதையிலிருந்து நேராக ஜூலுக்குக் கிளம்ப விநாடிக்கு ஏறக்குறைய 2,000 மீட்டர் டெல்டா-வி, அதாவது எஞ்சினால் வேகத்தை அவ்வளவு மாற்றும் திறன், வேண்டும். சூரியனுக்கு இன்னும் கிட்டே இருக்கிற ஈவ் கிரகத்துக்கு என்றால் அதில் பாதிக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவே. அதனால் வெளியே போகவேண்டியவன் சூரியன் பக்கம் உள்ளே போனேன். ஈவின் பின்பக்கமாக உரசிப் போனதும் அதன் ஈர்ப்பு தள்ளிவிட்டது. திரும்பக் கெர்பின், இன்னொரு சுற்று, மறுபடி கெர்பின், அப்புறம் ஜூல். அங்கே ஜூலின் நிலாவான டைலோவுக்கு முன்னால் குறுக்கே போனேன், வேகம் தானாக இறங்கிவிட்டது. எஞ்சினைத் தொட்டது பாதையைத் திருத்த மட்டும்தான்.

"வேகம் சும்மா வருமா?" என்று மணி ஆரம்பிப்பான். ஈவைப் பொறுத்தவரை வந்த வேகத்திலேயேதான் வெளியே போகிறோம், திசைதான் மாறுகிறது என்று சொல். சூரியனிலிருந்து பார்த்தால்தான் வேகம் கூடியிருக்கும். அந்தக் கணக்கைக் கிரகம் தன் ஓட்டத்திலிருந்து துளியூண்டு கொடுத்து நேர்செய்யும். கேமில் அந்தத் துளியும் கிடையாது, கிரகங்கள் எல்லாம் போட்ட பாதையில் பிசகாமல் ஓடுபவை. இந்தக் கடைசி வரியை மட்டும் அவனிடம் சொல்லித் தொலைக்காதே.

நிஜத்தில் வியாழனுக்குப் போன நாசாவின் கலிலியோ விண்கலம் போனதும் இந்த மாதிரி வழியில்தான். 1986ல் சேலஞ்சர் ஷட்டில் வெடித்த பிறகு, அதை வியாழனுக்கு நேராக அனுப்பவிருந்த சென்டார் ராக்கெட்டை ஷட்டிலில் ஏற்றுவதில்லை என்று நாசா முடிவுசெய்தது. மிஞ்சிய மோட்டாருக்கு அவ்வளவு பலமில்லை. 1989 அக்டோபரில் கிளம்பி, 1990 பிப்ரவரியில் வெள்ளி, டிசம்பரில் பூமி, 1992 டிசம்பரில் மறுபடி பூமி, 1995 டிசம்பரில்தான் வியாழன். நடுவில் 1991ல் பெரிய ஆன்டெனா விரியாமல் சிக்கிக்கொண்டது. நான் கேமில் நேரத்தை வேகமாக ஓட்டும் டைம் வார்ப்பை அமுக்கிவிட்டு டீ போடப் போனேன்; பாதை பிசகினால் சேமித்த இடத்துக்குத் திரும்ப எஃப்9 இருக்கிறது. அவர்களுக்கு ஆறு வருஷம் என்றால் ஆறு வருஷம். எரிபொருளில் மிச்சம் பிடித்ததை ஆயுசில் கட்டியிருக்கிறார்கள். நேற்று ராத்திரி இதையே நினைத்துப் படுத்துக்கிடந்தேன். சிரிக்காதே.

அடுத்தது ஜூலின் இன்னொரு நிலாவான லேத்தே. காற்று இருக்கிறது, பாராசூட் பிடிக்கும். ஆனால் எங்கு பார்த்தாலும் கடல். நிலத்தில் இறங்க வழி இருந்தால் எழுது. "இன்னும் நாலு பூஸ்டர் மாட்டு" என்று மட்டும் பதில் வந்தால் தொலைத்துவிடுவேன்.

ரகு