மெழுகில்லாத மெட்டு

டர்பன்,
ஆகஸ்ட் 11, ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் மகள் எழுதிக்கொள்வது. நாங்கள் இருவரும் நலம். நீங்களும் அம்மாவும் தம்பியும் நலமா? போனில் பேசினால் இரண்டாவது நிமிஷமே அம்மா வாங்கிக்கொள்கிறாள். உங்களிடம் சொல்ல வைத்திருந்தது அப்படியே நின்றுவிடுகிறது. இது போனில் சொல்லி முடிகிற விஷயமும் இல்லை. அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

முதலில் ஊர்ச் செய்தி. இங்கே குளிர்காலம் முடியப்போகிறது. டர்பன் குளிர் நம் மார்கழிக் குளிர்தான், பயப்படும்படி ஒன்றுமில்லை. ஆடி மாதமாதலால் மாரியம்மன் கோயில்களில் கூழ் ஊற்றுகிறார்கள். 'பாரிட்ஜ் பிரேயர்' என்று அதற்கு இங்கே பெயர். போன ஞாயிறு நாங்களும் போயிருந்தோம். மஞ்சள் புடவை, வேப்பிலை, கரகம் எல்லாம் அப்படியே நம் ஊர். பாட்டை மட்டும் ஆங்கில எழுத்தில் அச்சடித்த புத்தகத்தைப் பார்த்துப் பாடுகிறார்கள். 1860 நவம்பர் 16-ஆம் தேதி சென்னையிலிருந்து ட்ரூரோ என்ற கப்பல் இந்தத் துறைமுகத்துக்கு வந்தது. அதிலும் பின்னால் வந்த கப்பல்களிலும் கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்களின் வாரிசுகள் இவர்கள். கவுண்டர் 'கோவெண்டர்' ஆகிவிட்டார், முதலி 'மூட்லி' ஆகிவிட்டார். பேச்சில் தமிழ் போய்விட்டது. ஆனால் அர்த்தம் தெரியாத தாலாட்டை ஒரு எழுத்து விடாமல் பாடுகிறார்கள் அப்பா. எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நான் ஒரு எலெக்ட்ரிக் கிதார் செய்திருக்கிறேன். வாங்கவில்லை, செய்திருக்கிறேன்.

உங்கள் மாப்பிள்ளையின் வேலையை ஒட்டி வந்த விசா என்னுடையது. அதில் நான் வேலைக்குப் போகக் கூடாது. அவர் காலை ஏழு மணிக்குக் கிளம்பினால் மாலை ஆறு ஆகிறது. முதல் ஆறு மாதம் சன்னலில் வந்து உட்காரும் குரங்குகளைத் துரத்தியே பொழுது போனது. பக்கத்து வீட்டில் ஒரு தாத்தா தனியாக இருக்கிறார். நாற்பது வருஷம் மேஜை நாற்காலி செய்யும் பட்டறையில் வேலை பார்த்தவர். சனி ஞாயிறுகளில் கல்யாணங்களுக்கு கிதார் வாசித்திருக்கிறார். சின்ன வயதில் கேட்டோ மேனர் பக்கம் குடியிருந்தாராம். இனவாரியாக ஊரைப் பிரித்த சட்டத்தால் அவர்களைக் கிளப்பி இந்தச் சாட்ஸ்வர்த்துக்குக் கொண்டுவந்து விட்டார்கள். இப்போது விரல் மூட்டெல்லாம் வீங்கிவிட்டதால் அவரால் வாசிக்க முடிவதில்லை. ஒருநாள் கராஜில் அந்தப் பழைய கிதாரைக் கழற்றிப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார். சும்மா எட்டிப் பார்த்த நான் நகரவே இல்லை. பலகையில், ஸ்வரத்துக்கு விரல் அழுத்த வரிசையாகக் குறுக்கே பதித்த கம்பிகள், இருபத்தொரு மெட்டு! நம் வீணைக்கு இருபத்துநான்கு. இங்கேயும் பன்னிரண்டாவது மெட்டில்தான் மேல் ஷட்ஜம்.

"எங்க அப்பா தஞ்சாவூரில் வீணை செய்கிறார் தாத்தா" என்றேன். அவர் அந்தக் கிதாரின் உடம்பைத் தூக்கி என் கையில் கொடுத்துவிட்டார்.

கரண்ட் வாத்தியம் என்றதும் நீங்கள் முகம் சுளிப்பது இங்கிருந்தே தெரிகிறது. 'ஷாக் அடிக்காதா' என்று அம்மா கேட்பாள். தந்தியில் வீட்டுக் கரண்ட் ஓடுவதே இல்லை அப்பா. தந்திக்குக் கீழே காந்தம் இருக்கிறது. அதைச் சுற்றித் தலைமுடியைவிட மெல்லிய செப்புக் கம்பி ஏறத்தாழ எட்டாயிரம் சுற்று. எஃகுத் தந்தி ஆடினால் காந்தப் புலம் ஆடும், அந்த ஆட்டத்தில் கம்பிச் சுருளில் துளியூண்டு மின்சாரம் பிறக்கும். அதைப் பெட்டியில் பெரிதாக்கிக் கேட்கிறோம். பிக்கப் என்கிறார்கள். தந்தி எஃகாகவோ நிக்கலாகவோ இருந்தால்தான் இது நடக்கும், வெறும் பித்தளைத் தந்தியை அது கண்டுகொள்ளாது.

வீணைபோலச் சத்தம் கூட்டும் குடம் எங்கே என்று கேட்பீர்கள். குடமே கிடையாது, கட்டிப் பலகை. குடம் வைத்த கிதாரைத்தான் முதலில் பெரிதாக்கிப் பார்த்தார்கள். ஒலிபெருக்கியின் சத்தம் குடத்துக்குள் புகுந்து, திரும்பப் பெட்டிக்குப் போய், ஊளையாக வெளியே வந்தது. அதனால் உடம்பைக் கட்டியாக்கினார்கள். 1950-ல் லியோ ஃபெண்டர் என்பவர் கலிபோர்னியாவில் அப்படி ஒன்றைச் செய்து விற்பனைக்கே கொண்டுவந்துவிட்டார். கழுத்தைத் தனியாகச் செய்து நான்கு திருகாணியில் உடம்போடு இறுக்குவது அவர் வழி. எனக்குப் பிடித்தது அதுதான். ஒன்று கெட்டால் ஒன்றை மட்டும் மாற்றலாம். ஒரே மரத்தில் குடையும் ஏகாண்ட வீணையில் ஒரு வெடிப்பு விட்டால் முழு மரமும் போகிறதே, அந்தக் கஷ்டம் இதில் இல்லை.

மரத்துக்கு நான் கடைக்குப் போகவில்லை. தாத்தா வீட்டில் கால் உடைந்த சாப்பாட்டு மேஜை ஒன்று கிடந்தது. கியாட் மரம். இந்த நாட்டில் பழைய வீடுகளில் நல்ல சாமான்களெல்லாம் இதில்தான் இருக்கும். இது நம் வேங்கைக்கு ஒன்றுவிட்ட தம்பி. பச்சையாக வெட்டினால் அதே மாதிரி ரத்தச் சிவப்பில் பால் வடியுமாம். இழைப்புளி ஓட்டியதும் வந்த வாசனையில் பட்டறை ஞாபகம் வந்துவிட்டது. தூள் மட்டும் மூக்கை அரிக்கிறது, துணி கட்டிக்கொண்டுதான் வேலை செய்தேன். பலகை கனம் போதாது. இரண்டை ஒட்டி, ஒரு ராத்திரி முழுக்க இறுக்கிப் பிடித்து, நாற்பத்தைந்து மில்லிமீட்டருக்கு இழைத்தேன். வெட்டி முடித்தபோது உடம்பு மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் கீழே. கழுத்து உட்காரும் பள்ளத்தை மரம் குடையும் ரௌட்டர் மெஷினில் தோண்டும்போது ஓரத்தில் ஒரு சில்லு பிய்ந்து பறந்தது. தாத்தா கீழே குனிந்து தேடி எடுத்து, அதே இடத்தில் பசை வைத்து ஒட்டிக் கொடுத்தார். இப்போது விரலால் தடவினால்கூடத் தெரியாது.

முதல் தடவை செய்கிறவர்கள் கழுத்தைத் தயாராக வாங்கிக்கொண்டு உடம்பை மட்டும் செய்வதுதான் நல்லது. தாத்தாவும் அதையேதான் சொன்னார். யார் கேட்டாலும் நானும் இனி அதைத்தான் சொல்வேன். ஆனால் உங்கள் மகள் மெட்டைக் கடையில் வாங்குவதா? மனசு கேட்கவில்லை. மேப்பிள் கட்டை ஒன்று வாங்கினேன். ஆறு தந்தியும் சேர்ந்து நாற்பத்தைந்து கிலோ அளவுக்கு இழுக்கும், கழுத்து வில் போல வளையும். அதைத் தாங்க உள்ளே ஒரு இரும்புக் கம்பி போகிறது, முனையில் சாவி போட்டு முறுக்கிச் சரிசெய்யலாம். மெட்டு உட்கார மேலே ஒட்டும் பலகைக்கு நம் ஊர் ஈட்டி மரம் கிடைத்தது. ஈட்டிப் பலகையில் இந்தியா என்று எழுதியிருந்ததைப் பார்த்துக் கடையிலேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன்.

அப்பா, இந்த இடத்தில்தான் உங்களை நினைத்துக்கொண்டேன்.

நீங்கள் வீணைக்கு மெழுகில் மெட்டுகளைப் பதித்து மேளம் கட்டுகிற ராத்திரிகள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. தெருவில் சந்தடி அடங்கட்டும் என்று பத்து மணி வரை காத்திருப்பீர்கள். சுருதிப் பெட்டியை நான் பிடித்துக்கொள்வேன். மெழுகு இளகி கறுப்பாகப் பளபளக்கும். மெட்டை வைப்பீர்கள், தந்தியைத் தட்டுவீர்கள், தலையைச் சாய்ப்பீர்கள், கட்டைவிரல் நகத்தால் அரிசி அளவு தள்ளுவீர்கள். மறுபடி தட்டுவீர்கள். 'இன்னும் வரலை' என்பீர்கள். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் கேட்கும். நான் தூங்கிவிழுந்தாலும் துருத்தி நிற்கக் கூடாது.

கிதாரில் காதுக்கு முன்னால் கணக்கு வருகிறது. தந்தி தொடங்கும் மேருவிலிருந்து அது முடியும் குதிரை வரை தந்தி நீளம் 648 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டேன். அதை 17.817-ஆல் வகுத்தால் 36.37. அது முதல் மெட்டு. மிச்ச நீளத்தை மறுபடி அதே எண்ணால் வகுத்தால் இரண்டாவது. இப்படியே போனால் பன்னிரண்டாவது சரியாக நடுவில், 324-ல் விழ வேண்டும். கோடு போட்டு, சன்ன ரம்பத்தால் அரை மில்லிமீட்டர் சொச்சம் அகலத்துக்கு வெட்டி, அதில் மெட்டுக் கம்பியின் பல்லை மரச் சுத்தியலால் தட்டி இறக்க வேண்டும். வெட்டினால் வெட்டினதுதான். தள்ளுவதற்கு மெழுகு கிடையாது.

ஒவ்வொரு மெட்டையும் அதற்கு முந்தினதிலிருந்து அளந்து கோடு போட்டேன். ஒவ்வொன்றிலும் கால் மில்லிமீட்டர் கூடியிருக்கிறது. கண்ணுக்கு அது தெரியாது. மூன்று நாள் உட்கார்ந்து இருபத்தொன்றையும் வெட்டி முடித்த பிறகு அளந்தால், பன்னிரண்டாவது 327-ல் நிற்கிறது. அரை மீட்டர்கூட இல்லாத பலகையில் மூன்று மில்லிமீட்டர்! பள்ளங்களை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் பார்த்தேன், எல்லாமே அழகாக வெட்டியிருந்தேன். கராஜ் படியில் உட்கார்ந்து அழுதேன். தாத்தா ஒன்றும் சொல்லாமல் டீ போட்டுக் கொண்டுவந்தார். குடித்து முடித்ததும், "எல்லாத்தையும் மேருவிலிருந்தே அள" என்பதை அவர் பாஷையில் சொன்னார். ஒரே இடத்திலிருந்து அளந்தால் ஒரு மெட்டின் பிழை அடுத்ததில் ஏறாது. 36.37, 70.70 என்று முழுப் பட்டியலையும் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினேன். புதுப் பலகைக்கு இரண்டு வாரம் எடுத்துக்கொண்டேன். பன்னிரண்டாவதை முதலில் வெட்டினேன். நீங்கள் மேல் ஷட்ஜத்தை ஏன் அத்தனை தடவை தட்டிப் பார்ப்பீர்கள் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

முதல் பலகையைத் தூக்கிப் போடவில்லை. அடுப்படியில் மாட்டியிருக்கிறேன்.

தம்பிக்கு ஒரு செய்தி, படித்துக் காட்டுங்கள். குயீன் என்ற இங்கிலாந்துக் குழுவில் கிதார் வாசிக்கும் பிரையன் மே, பதினாறு வயதில் தன் அப்பாவோடு சேர்ந்து வீட்டிலேயே கிதார் செய்தவர். 1963-ல் தொடங்கினார்கள். கழுத்து, பழைய கணப்பு அடுப்பின் மேல்சட்டம். உடம்பில் ஒரு பழைய மேஜையின் ஓக் மரம். மெட்டுப் பலகையில் புள்ளிகளுக்கு அவர் அம்மாவின் தையல் பெட்டியிலிருந்து முத்துப் பொத்தான்கள். இன்றைக்கும் மேடையில் அதைத்தான் வாசிக்கிறார். அந்த அப்பா ஒரு மின்னணுப் பொறியாளர். வீணை ஆசாரியின் பிள்ளைக்கு அதைவிட என்ன குறை?

போன சனிக்கிழமை தந்தி போட்டோம். பெட்டியில் சொருகியதும் குளவிக்கூடு மாதிரி ஒரே உறுமல். வீட்டு மின்சாரத்தின் துடிப்பைச் சுருள் இழுத்துக்கொள்கிறது. குதிரைக்கு அடியிலிருந்து போகவேண்டிய தரைக் கம்பியின் பற்றவைப்பு விட்டுப்போயிருந்தது. ஈயம் வைத்துப் பற்றவைத்தேன். தந்தியில் விரல் பட்டதும் உறுமல் அடங்கியது.

கிதார் வாசிக்க எனக்கு என்ன தெரியும்? ஒரே தந்தியில் மாயாமாளவகௌளை சரளி வரிசை வாசித்தேன். ஒன்று, நான்கு, ஐந்து, ஏழு, எட்டு, பதினொன்று, பன்னிரண்டு. விரல் தானாகப் போனது. மெட்டு தணிவாக இருப்பதால் வீணையில் இழுப்பதுபோல ஆழமாக இழுக்க வரவில்லை, ஒன்றரை ஸ்வரத்தோடு நின்றுவிடுகிறது. ஆனாலும் காந்தாரம் நின்றது அப்பா. அந்த உடம்பை மார்போடு சேர்த்துப் பிடித்திருந்தேன். பெட்டிச் சத்தத்துக்கு முன்னால் மரத்தின் அதிர்வுதான் எலும்பில் வந்து தொட்டது. கட்டி மரத்தில் என்ன இருக்கிறது என்கிறவர்கள் வந்து அணைத்துப் பார்க்கட்டும். தாத்தா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு வாங்கி, வீங்கின விரலால் ஸூலுக்காரர்கள் மஸ்கந்தி பாட்டுக்கு முன்னால் சுருதி காட்ட வாசிக்கும் சின்ன ஆலாபனை மாதிரி ஒன்றை வாசித்தார். இரண்டு வரிக்கு மேல் முடியவில்லை.

ஏழாவது மெட்டில் மட்டும் மூன்றாம் தந்தி லேசாக இரைகிறது. அரம் போட்டுச் சமம் செய்யப்போகிறேன்.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். அடுத்ததைத் தாத்தாவுக்காகச் செய்கிறேன். அதன் தலையில் தந்தி முறுக்கும் பிரடைப் பலகை தட்டையாக இருக்க வேண்டாம், யாளி வைக்கலாம் என்று ஆசை. போனில் படம் அனுப்பாதீர்கள், மூக்கிலிருந்து பிடரி திரும்புகிற அந்த வளைவு போட்டோவில் சப்பையாகத் தெரிகிறது. பக்கவாட்டில் ஒன்று, முன்பக்கம் ஒன்று, நீளம் பதினைந்து சென்டிமீட்டருக்குள், உளி எங்கே எந்தப் பக்கம் இறங்க வேண்டும் என்று அம்புக்குறி போட்டு, உங்கள் கையால் காகிதத்தில் வரைந்து தாருங்கள். மடிக்க வேண்டாம், சுருட்டி அனுப்புங்கள். தம்பி தபாலில் சேர்த்துவிடுவான்.

அம்மாவுக்கு என் அன்பு. மெழுகுப் புகையில் இருமல் வருகிறது என்றாள், சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மகள்